இங்கே பருப்பு வேகுமா?

‘உன் பருப்பு இங்கே வேகாது’ என்று தமிழில் சொல்கிறோம். இந்தியில் அதையே ‘தால் நஹி கலேகி’ என்கிறார்கள். கன்னடத்திலும் ‘நின்ன பேளெ பேயல்ல’ உண்டு. காரியம் நடக்காது என்பதைச் சொல்ல மூன்று மொழிகளும் வேகாத பருப்பைத்தான் தேடிப் பிடித்திருக்கின்றன. எத்தனை தலைமுறைகள் அடுப்பின் முன்னால் நின்று அலுத்துப்போயிருந்தால் ஒரு சொல்வழக்கு இப்படி ஊர் ஊராக இருக்கும்!

பெங்களூருவில் எங்கள் எதிர்வீட்டு ஆன்ட்டிக்கு அந்தச் சொல்வழக்கு சொல்லுக்குச் சொல் பலித்தது. ஜலந்தரில் பிறந்து வளர்ந்தவர். மகனுக்கு இங்கே வேலை என்பதால் கூடவே வந்துவிட்டார். முழுக் கறுப்பு உளுந்தும் ஒரு பிடி ராஜ்மாவும் சேர்த்து அவர் வைக்கும் ‘மா கி தால்’ எங்கள் மாடி முழுக்க மணக்கும். குக்கர் அவருக்குப் பிடிக்காது. கனமான பாத்திரத்தில் நிதானமாகத்தான் வேகவைப்பார். ஊரில் இரண்டு மணி நேரத்தில் குழைந்த பருப்பு, இங்கே வந்ததும் இருபது நிமிடம் கூடுதலாகக் கேட்டது. அதற்குப் பழகிக்கொண்டார். 2024 கோடையில், ஆழ்துளைக் கிணறுகள் வற்றி நகரின் பல பகுதிகள் டேங்கர் லாரிக்குக் காத்துக் கிடந்தபோது, நான்கு மணி நேரம் கொதித்தும் உளுந்து பல்லில் நறநறத்தது. வேறு வழியில்லாமல் குக்கரில் வைத்தார். பன்னிரண்டு விசிலுக்குப் பிறகும் தோல் ரப்பராக இருந்தது. கடையை மாற்றினார், கேஸ்கட்டை மாற்றினார். கடைசியில், “எனக்குத்தான் கை மறந்துபோச்சு பேட்டா” என்றார்.

கை மறக்கவில்லை. அந்த இருபது நிமிடத்துக்குக் காரணம் பெங்களூருவின் உயரம். நான்கு மணி நேரத்துக்குக் காரணம் அன்று தொட்டியில் இறங்கிய தண்ணீர். பஞ்சாபிச் சமையலின் இரண்டு தூண்களான தாலும் ரொட்டியும், பார்க்கப்போனால், தண்ணீரைக் கொண்டு செய்யும் இரண்டு எதிரெதிர் வேலைகள். பருப்புக்குள் தண்ணீர் புக வேண்டும். ரொட்டிக்குள்ளிருந்து தண்ணீர் கிளம்ப வேண்டும்.

சுவரும் சாந்தும்

ஒரு பருப்பை நறுக்கி நுண்ணோக்கியில் வைத்தால் நெருக்கமாக அடுக்கிய அறைகள் தெரியும். ஒவ்வொரு அறையும் ஒரு செல். உள்ளே மாவுச்சத்து மணிகள், அவற்றைச் சுற்றிப் புரதம். அறைகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்திருப்பது பெக்டின் என்ற பசை. செங்கல்லுக்கு நடுவே சாந்து பூசியது போல.

பருப்பு கொதிக்கும்போது மாவுச்சத்து தண்ணீரைக் குடித்து உப்பிக் கூழாகிறது. இதற்கு 65 முதல் 80 டிகிரி செல்சியஸ் போதும். புரதமும் சுருள் அவிழ்ந்து இறுகுகிறது. ஆனால் இவை மட்டும் நடந்தால் பருப்பு வெந்ததாக நாக்கு ஒப்புக்கொள்ளாது. விரலால் நசுக்கும்போது வழுக்கிக்கொண்டு பிரிகிறதே, அந்தப் பதம் வர வேண்டுமானால் சாந்து கரைய வேண்டும். செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று நழுவ வேண்டும். பெக்டின் கரைவது மெதுவான வேலை. அதற்குக் கொதிநிலை அளவு சூடும், நேரமும் வேண்டும்.

இந்த இடத்தில்தான் கடின நீர் குறுக்கே வருகிறது. கடின நீர் என்றால் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம் கரைந்த நீர். பெக்டின் இழைகள் ஓரங்களில் எதிர்மின்னூட்டம் கொண்டவை. கால்சியம் அயனியோ இரட்டை நேர்மின்னூட்டம் கொண்டது. அது ஒரு கையால் ஓர் இழையையும் மறு கையால் அடுத்த இழையையும் பற்றிக்கொள்கிறது. கரைய வேண்டிய சாந்து இறுகிப்போகிறது. கால்சியம் என்பது சுண்ணாம்பின் உயிர்ப்பொருள் அல்லவா? கொத்தனார் சுவருக்குச் செய்வதைத்தான் கடின நீர் பருப்புக்குச் செய்கிறது. ஆக்ராவின் பேட்டா இனிப்பைச் செய்கிறவர்கள் இதையே வேண்டுமென்று செய்கிறார்கள்: சாம்பல் பூசணித் துண்டுகளைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைக்கிறார்கள். அதன்பின் சர்க்கரைப் பாகில் எவ்வளவு கொதித்தாலும் துண்டு குழையாமல் நறுக்கென்று நிற்கும்.

பெங்களூருவுக்குக் காவிரி நீர் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்துக்கு ஏற்றப்பட்டு வருகிறது. ஆற்று நீர் என்பதால் கடினம் குறைவு. அது வராத இடங்களில் பாறைப் பிளவுகளுக்குள் நெடுங்காலம் தங்கிக் கனிமங்களைக் கரைத்துக்கொண்ட ஆழ்துளைக் கிணற்று நீர்தான் குழாயிலும் வரும், லாரியிலும் வரும். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500, மொத்தக் கடினம் லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது; வேறு நீர் கிடைக்காதபோது 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. குடிப்பவருக்கு 600 தெரியாமல் போகலாம். பருப்புக்குத் தெரியும். சோப்பு நுரைக்கவில்லை, கீசர் கம்பியில் வெள்ளைப் படிவு ஏறுகிறது, குழாய் வாயில் சுண்ணாம்பு பூத்திருக்கிறது என்றால் அந்தத் தண்ணீரில் உளுந்து வேக மறுப்பதில் ஆச்சரியமில்லை.

கர்நாடகத்தில் சீக்கியர்களின் மிக முக்கியமான தலம் ஒரு நீரூற்றின் கரையில்தான் இருக்கிறது. பீதர் நகரில் உள்ள அந்த குருத்வாராவின் பெயர் நானக் ஜீரா சாகிப். ஜீரா என்றால் ஊற்று. குரு நானக் தெற்கே வந்தபோது அவ்வூர் நீர் வாயில் வைக்க முடியாததாக இருந்ததாகவும், அவர் ஒரு கல்லை அகற்றியதும் அங்கே நல்ல நீர் சுரந்ததாகவும் மரபு சொல்கிறது. குருத்வாரா என்றால் லங்கர் உண்டு. லங்கர் என்றால் வருகிறவர் எல்லோருக்கும் தாலும் ரொட்டியும் உண்டு. பந்தி பந்தியாகப் பருப்பு வேகும் இடத்தில் நல்ல நீர் முதல் தேவை என்பதைச் சமைக்கத் தெரிந்த எவரும் சொல்வார்கள்.

இரண்டு டிகிரி

ஆன்ட்டியின் இருபது நிமிடத்துக்கு வருவோம். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று பள்ளியில் படித்தது கடல் மட்டத்துக்கான கணக்கு. சென்னைக்குப் பொருந்தும், பெங்களூருவுக்குப் பொருந்தாது. இந்நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தலைக்குமேல் காற்றுப் போர்வை அந்த அளவுக்கு மெலிந்திருப்பதால் வளிமண்டல அழுத்தமும் பத்தில் ஒரு பங்கு குறைவு. அழுத்தம் குறைந்தால் நீர்மூலக்கூறுகள் எளிதாகத் தப்பித்து ஆவியாகின்றன. ஆகவே இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊட்டியில் 93 டிகிரிக்கும் கீழே. ஜலந்தர் 230 மீட்டர்தான்; அங்கே 99 டிகிரிக்குச் சற்று மேல்.

வித்தியாசம் இரண்டு டிகிரிக்குக் கொஞ்சம் கூடுதல். அற்பமாகத் தோன்றும். ஆனால் வேதிவினைகள் சூட்டைக் கூட்டிக் கழிப்பதில்லை, பெருக்குகின்றன. பத்து டிகிரி குறைந்தால் வேகும் நேரம் இரட்டிக்கும் என்று தோராயமாக வைத்துக்கொண்டால், இரண்டேகால் டிகிரிக்கு நேரம் ஆறில் ஒரு பங்கு கூடும். இரண்டு மணி நேரத்தில் ஆறில் ஒரு பங்கு, இருபது நிமிடம்.

அடுப்பைக் கூட்டினால் சரியாகுமா? ஆகாது. தளதளவென்று கொதிக்கும் நீரும் மெல்லக் குமிழியிடும் நீரும் பெங்களூருவில் அதே 97 டிகிரிதான். கூடுதலாக எரியும் கேஸ் தண்ணீரை ஆவியாக்குமே தவிர பருப்பைச் சீக்கிரம் வேகவைக்காது. கொதிநிலையை உயர்த்த ஒரே வழி, ஆவியைத் தப்பவிடாமல் மூடி அழுத்தத்தை ஏற்றுவது. பிரான்சில் பிறந்து லண்டனுக்கு வந்த டெனிஸ் பாப்பின் 1679இல் அதற்கொரு இரும்புக் கலம் செய்தார். எலும்பையே குழைத்துவிடும் அந்தக் கலத்தில் வெடித்துவிடாமல் இருக்க எடை வைத்த வால்வும் இருந்தது. நம் வீட்டு விசிலின் முப்பாட்டன் அதுதான்.

நம் குக்கர்கள் பெரும்பாலும் வெளியழுத்தத்துக்கு மேல் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் ஏற்றும்படி வடிவமைக்கப்பட்டவை. சென்னையில் உள்ளே 120 டிகிரி வரும். பெங்களூருவில் வெளியழுத்தமே குறைவு என்பதால் 118.5 டிகிரி. பயப்பட ஏதுமில்லை, திறந்த பாத்திரத்தைவிட 20 டிகிரிக்கு மேல் அதிகம்.

ஆனால் விசிலை எண்ணுவதை விட்டுவிட வேண்டும். அழுத்தம் மிகும்போது எடை தூக்கிக்கொண்டு ஆவியை வெளியே விடுகிறது, அவ்வளவுதான். தீ பெரிதாக இருந்தால் ஐந்து நிமிடத்தில் ஆறு விசில் வரும். சிறிதாக இருந்தால் அரை மணிக்கும் இரண்டே வரும். பருப்புக்கு விசில் கேட்காது. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். இரவு முழுக்க ஊறிய உளுந்துக்கும் ராஜ்மாவுக்கும் அங்கிருந்து 25 முதல் 30 நிமிடம்.

ராஜ்மாவை அரைகுறையாக விடுவது சுவைக்குற்றம் மட்டுமல்ல. அதில் உள்ள ஒரு லெக்டின் புரதம் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கக்கூடியது. நன்றாகக் கொதித்தால் அழிந்துவிடும். கொதிநிலையை எட்டாத இளஞ்சூட்டில் மணிக்கணக்காகக் கிடந்தால் அழியாது. மெதுவாகச் சமைக்கும் மின்பானைகளை நம்புகிறவர்கள் ராஜ்மாவை முதலில் தனியாகக் கொதிக்கவிட்டு எடுத்துக்கொள்வது கட்டாயம்.

பழைய பருப்பு, அவசரத் தக்காளி

நல்ல நீர், நல்ல குக்கர், ஆனாலும் வேகவில்லை என்றால் பருப்பின் வயதைக் கேட்க வேண்டும். வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் மாதக்கணக்கில் கிடந்த பருப்பில் பைட்டேட் என்ற சேமிப்புப் பொருள் மெல்லச் சிதைகிறது. அது பிடித்துவைத்திருந்த கால்சியமும் மெக்னீசியமும் விடுபட்டுச் செல்சுவரின் பெக்டினைப் போய்ப் பற்றிக்கொள்கின்றன. லாரித் தண்ணீர் வெளியிலிருந்து செய்ததைப் பழைய பருப்பு தனக்குள்ளேயே செய்துகொள்கிறது. மளிகைக்கடையில் இரண்டு கிலோ வாங்கினால் விலை குறைவு என்ற கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இதை அவிழ்க்கும் சாவி அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. உப்பு போட்டால் பருப்பு வேகாது என்ற நம்பிக்கை தமிழ்நாட்டிலும் உண்டு, பஞ்சாபிலும் உண்டு. நடப்பது நேர்மாறானது. ஒரு லிட்டர் நீரில் இரண்டு தேக்கரண்டி உப்பு கரைத்து முழு உளுந்தை இரவு ஊறவைத்தால், சோடியம் அயனிகள் தோலில் உள்ள கால்சியத்தை இடம்பெயர்க்கின்றன. சோடியத்துக்கு ஒரு கைதான்; இரண்டு இழைகளைச் சேர்த்துப் பிடிக்க அதால் முடியாது. காலையில் அந்த நீரைக் கொட்டிக் கழுவிவிட்டு வேகவைத்தால் தோல் மெத்தென்று ஆகும். ஊறிய நீரைக் கொட்டுவதில் இன்னொரு லாபம்: வயிற்றில் வாயுவை உண்டாக்கும் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் சர்க்கரைகளில் ஒரு பகுதியும் அதோடு போய்விடும்.

ஆப்பசோடா இன்னும் வேகமாக வேலைசெய்யும். காரத்தன்மையில் பெக்டின் சங்கிலிகளே அறுபடும். ஆனால் தயமின் என்ற பி1 வைட்டமினும் சேர்ந்து அழியும். கை தவறினால் சோப்பு வாடை வரும். ஒரு கிண்ணம் பருப்புக்கு ஒரு சிட்டிகையைத் தாண்டக் கூடாது.

புளிப்போ எதிர்த்திசையில் இழுக்கும். அமிலத்தில் பெக்டின் கரைவது மந்தமாகும். புளிக்கரைசலை ஊற்றியபின் பருப்பு வேகாது என்பதால்தான் நம் சாம்பாரில் பருப்பைத் தனியாக வேகவைத்துக் கடைசியில் சேர்க்கிறோம். தாலிலும் அதே ஒழுங்கு: வெந்து குழைந்தபின்தான் தக்காளி. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் குக்கரில் போட்டு மூடும் அவசரக்காரர்களுக்குத் தக்காளி வெந்திருக்கும், உளுந்து முறைத்துக்கொண்டிருக்கும்.

ஆன்ட்டியின் பாட்டி காலத்தில் பஞ்சாப் கிராமங்களில் பருப்புப் பானையைச் சாண வரட்டித் தணலில் இரவெல்லாம் விட்டுவைப்பார்களாம். அதில் அறிவியல் நிறைய இருக்கிறது. நீண்ட நேரம் வேகும்போது செல்கள் பிரிவதோடு நிற்காமல் சில உடைந்து மாவுச்சத்தைக் கசியவிடும். குழம்பு கெட்டிப்படும். பிறகு சேரும் வெண்ணெயைப் பொடித் துளிகளாகப் பிரித்துப் பிடித்துக்கொள்ளும். உணவகங்கள் பாலேடு ஊற்றி வரவழைக்கும் வழவழப்பின் பெரும்பங்கு அந்தப் பானையில் பொறுமையால் மட்டுமே வந்தது. வீட்டில், குக்கர் அடங்கியபின் கரண்டியின் பின்புறத்தால் மசித்துவிட்டு ஒரு மணி நேரம் சிறு தீயில் வைத்தால் அதன் சாயலாவது கிடைக்கும்.

இத்தனை பொறுமை இல்லாதவர்களுக்கு மசூர் பருப்பு இருக்கிறது. தோல் நீக்கி உடைத்தது என்பதால் ஊறாமலே கால் மணியில் கரையும். தமிழ்நாட்டுக் கடைகளில் இதற்குப் பெயர் ‘மைசூர் பருப்பு’. மைசூருக்கும் இதற்கும் உறவு பெயர் ஒலியில் மட்டுமே. மேற்காசியாவிலிருந்து வந்த பயிர் இது. லத்தீனில் இதன் பெயர் ‘லென்ஸ்’. கண்ணாடி வில்லைக்கு இந்தப் பருப்பின் வடிவத்தைப் பார்த்துத்தான் அப்பெயர் வைத்தார்கள்.

கால் கிராம் ஆவி

இனி ரொட்டி. கோதுமை மாவைப் பிசைந்து உருட்டி, ஓடும் நீரில் கழுவிக்கொண்டே இருந்தால் வெள்ளை மாவுச்சத்து போய், சூயிங்கம் போல ஒரு பிசின் கையில் மிஞ்சும். இத்தாலியின் போலோன்யா நகரில் பெக்காரி என்ற அறிஞர் 1728இல் இதை விவரித்தார். அதுதான் குளூட்டன். அதில் உள்ள கிளையடின் என்ற புரதம் மாவை இழுபட வைக்கிறது; குளூட்டெனின் என்ற புரதம் இழுத்ததைத் திரும்பச் சுருக்குகிறது. பிசைந்த உடனே தேய்த்தால் அப்பளக்குழவிக்கு அடங்காமல் சுருங்குவது குளூட்டெனினின் வேலை. அரை மணி நேரம் ஈரத்துணி போட்டு மூடி வைத்தால் இழைகள் தளர்ந்துவிடும். தவிட்டுத் துகள்களும் நீரைக் குடித்து மென்மையாகும்.

மாவரைக்கும் கல்லுக்கும் இதில் பங்குண்டு. சக்கியில் கற்களுக்கிடையே அரைபடும்போது மாவுச்சத்து மணிகள் நசுங்கிச் சிதைகின்றன. சிதைந்த மணி முழு மணியைவிட அதிக நீர் பிடிக்கும். அதனால்தான் சக்கி ஆட்டாவுக்கு மைதாவைவிடத் தாராளமாகத் தண்ணீர் தேவைப்படுகிறது. ரொட்டியின் மென்மை அந்தத் தண்ணீரில் இருக்கிறது.

கோதுமையின் நிறத்துக்காக ஒரு தமிழர் பாடுபட்ட கதையும் உண்டு. 1966இல் இந்தியா மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைரகக் கோதுமை விதையை இறக்கியது. விளைச்சல் அள்ளியது. ஆனால் சோனோரா 64, லெர்மா ரோஜோ ஆகிய ரகங்களின் மணி சிவப்பு. வெளிர்பொன் நிற ரொட்டிக்குப் பழகிய வடநாட்டுச் சமையலறைகள் முகம் சுளித்தன. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான டெல்லி வேளாண் ஆய்வுக் குழு சோனோரா 64 விதைகளைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திப் பொன்னிற மணி கொண்ட சர்பதி சோனோராவை உருவாக்கியது. பசிக்கும் காலத்திலும் ரொட்டிக்கு நிறம் முக்கியம் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

ரொட்டி பூரிப்பதுதான் இதில் விளையாட்டான அறிவியல். 40 கிராம் உருண்டையில் ஏறக்குறைய 15 கிராம் தண்ணீர். தோசைக்கல்லில் முதல் பக்கத்தைச் சில நொடிகள் காட்டியதும் ஒரு மெல்லிய தோல் உருவாகிறது. திருப்பிப் போட்டதும் மறுபக்கத்திலும் உருவாகிறது. இரண்டு தோல்களுக்கும் நடுவே ஈரமான, பலவீனமான ஓர் அடுக்கு. தணலில் காட்டும்போது அங்குள்ள நீர் சட்டென்று ஆவியாகி அந்த அடுக்கைக் கிழித்துக்கொண்டு விரிகிறது. எவ்வளவு நீர் வேண்டும்? கால் கிராம் போதும். பெங்களூருவின் அழுத்தத்தில் கால் கிராம் நீர் அரை லிட்டருக்குச் சற்றே குறைவான ஆவியாகும். ஒரு ரொட்டிப் பந்தை நிரப்ப அது தாராளம். சென்னையில் அதே கால் கிராம் பத்தில் ஒரு பங்கு குறைவாகவே விரியும். பருப்பிடமிருந்து பிடுங்கியதைப் பெங்களூரு ரொட்டிக்குக் கொடுத்துவிடுகிறது என்று சொல்ல ஆசைதான். ஆனால் ரொட்டியிடம் ஆவிக்கு எப்போதும் பஞ்சமில்லை. பூரிக்காத ரொட்டிக்குக் காரணம் வேறு: ஓரம் தடித்து நடு மெலிந்தது, எங்கோ ஓர் ஊசித்துளை, அல்லது கல்லில் அதிகநேரம் காய்ந்துபோன தோல்.

மேலே தோன்றும் பழுப்புப் புள்ளிகளுக்கும் மணத்துக்கும் காரணம், பிரெஞ்சு வேதியியலாளர் மயார் 1912இல் விவரித்த வினை: சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் சேர்ந்து நூற்றுக்கணக்கான மணப்பொருள்களைப் பிறப்பிக்கின்றன. ஈரமான இடத்தில் சூடு கொதிநிலையைத் தாண்டாது. அதனால்தான் காய்ந்த புள்ளிகளில் மட்டும் பழுப்பு.

சுட்ட ரொட்டி ஆறினால் விறைப்பதற்கு உலர்வது மட்டும் காரணமில்லை. உப்பிய மாவுச்சத்து மூலக்கூறுகள் குளிரக் குளிர மறுபடி வரிசைகட்டி இறுகுகின்றன. குளிர்பதனப் பெட்டியின் 4 டிகிரி அவற்றுக்கு மிகப் பிடித்த சூழல். அங்கே வைத்த ரொட்டி வெளியே இருந்ததைவிட வேகமாக அட்டையாகும். துணியில் சுற்றிய சூடும் மேலே தடவிய நெய்யும் அதைத் தள்ளிப்போடும். கல்லில் மறுபடி காட்டினால் ஓரளவு அவிழும். மைசூருவில் சப்பாத்தி ஆராய்ச்சி ஒரு தனித் துறை. 1950இல் செலுவாம்பா மாளிகையில் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் சப்பாத்தி சுடும் இயந்திரத்தை உருவாக்கியது. அதே ஊரில் உள்ள பாதுகாப்புத் துறையின் உணவு ஆய்வகம், எல்லையில் நிற்கும் வீரர்களுக்காக நீண்ட நாள் கெடாத சப்பாத்தியை உருவாக்கியது.

தட்டில் இரண்டும் சேரும்போது இன்னொரு கணக்கும் நேராகிறது. கோதுமைப் புரதத்தில் லைசின் குறைவு, பருப்பில் நிறைவு. பருப்பில் மெத்தியோனின் குறைவு, கோதுமை அதை ஈடுகட்டுகிறது. இட்லி மாவில் அரிசியும் உளுந்தும் சேரும் அதே ஒப்பந்தம்.

இரண்டு டம்ளர்

இதில் எதையும் என் வார்த்தைக்காக நம்ப வேண்டாம். இரண்டு எவர்சில்வர் டம்ளர்களில் ஒரே பையிலிருந்து எடுத்த கறுப்பு உளுந்தை இரண்டு தேக்கரண்டி வீதம் போடுங்கள். ஒன்றில் தொட்டித் தண்ணீர், மற்றதில் கேன் குடிநீர். இரவு ஊறட்டும். காலையில் இரண்டையும் ஒரே குக்கருக்குள், அடியில் கொஞ்சம் நீர் விட்டு, அருகருகே நிற்கவைத்து வேகவிடுங்கள். சூடும் நேரமும் இரண்டுக்கும் ஒன்றே. தண்ணீர் மட்டும் வேறு. பிறகு ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மணியை எடுத்து விரலால் நசுக்குங்கள்.

அந்த ஏப்ரலில் ஆன்ட்டியின் சமையலறையில் இதைத்தான் செய்தோம். குடிநீர் டம்ளரின் உளுந்து விரலில் வெண்ணெயாகப் பூசிக்கொண்டது. லாரித் தண்ணீர் உளுந்து நழுவி மேடையில் விழுந்து உருண்டது. ஆன்ட்டி அதை எடுத்து மறுபடி நசுக்கிப் பார்த்தார். பிறகு தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அடுத்த நாளிலிருந்து தாலுக்கு மட்டும் குடிநீர் கேன். ரொட்டி மாவு எப்போதும்போல் லாரித் தண்ணீரில்தான். அது எப்போதும்போல் பூரித்தது.